கேபர்: ராட்டர்டாமின் முரட்டு கிக் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கேபர் என்ற அதிவேக, முரட்டு எலக்ட்ரானிக் நடன இசை பிறந்தது ஜெர்மனியா, நெதர்லாந்தா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே, அண்ணா.

பதில்: இரண்டிலும் நியாயம் உண்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட்டைச் சேர்ந்த இசைக்கலைஞர் மார்க் அகார்டிபானே, மெஸ்கலினம் யுனைடெட் என்ற பெயரில் 1990-இல் செய்த 'வி ஹேவ் அரைவ்ட்'தான் முதல் ஹார்ட்கோர் டெக்னோ என்பார்கள் பலர். ஆனால் அதற்கென்று ஒரு கூட்டமே திரண்டது நெதர்லாந்தின் ராட்டர்டாமில். அங்கே பார்க்சிக்ட் கிளப்பில் டிஜே ராப், ரெக்கார்டுகளின் மேலேயே ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினையும் ஓடவிட்டு கிக்கை, அதாவது தாளத்தின் 'தும்' அடியை, கனமாக்கினார். 1992-இல் டிஜே பால் எல்ஸ்டாக்கின் ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ் லேபிள் தொடங்கியது. அதன் முதல் வெளியீடான யூரோமாஸ்டர்ஸ் குழுவின் ரெக்கார்டே ஆம்ஸ்டர்டாமை வம்புக்கு இழுத்த ஒன்று! தண்டர்டோம் என்ற கேபர் நடன விழாக்களும் அதே ஆண்டில்தான் ஆரம்பம்.

கேள்வி: டெக்னோவை வேகமாக்கி, ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் கேபர் வந்துவிடாதா?

பதில்: வராது. டெக்னோவில் கிக் வேறு, பேஸ் வேறு. கேபரில் கிக்கின் வாலே, அதாவது அடித்தபின் நீளும் ஒலியே, பேஸ். அதற்குச் சுருதி உண்டு. தொடக்கத்தில் 150, 160 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை அடி) ஓடியது, தொண்ணூறுகளின் நடுவில் 180-ஐத் தாண்டியது.

கேள்வி: அந்தக் கிக்கை எப்படிச் செய்வது? நான் செய்தால் வெறும் இரைச்சல்தான் வருகிறது.

பதில்: 909 கிக் சாம்பிள் ஒன்றை எடுங்கள். இல்லையென்றால் சைன் அலையை 300 ஹெர்ட்ஸில் தொடங்கி, சுமார் 70 மில்லி விநாடிக்குள் 49 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அது 'ஜி' சுரம். அடுத்து 20 முதல் 30 டெசிபல் ஏற்றி ஹார்ட் கிளிப், அதாவது அளவுக்கு மேல் போகும் அலையின் தலையை வெட்டுவது. தலை வெட்டுப்பட்ட சைன் கிட்டத்தட்டச் சதுர அலையாகி, 147, 245, 343 ஹெர்ட்ஸில் ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் (அடிச் சுரத்தின் 3, 5, 7 மடங்கு ஒலிகள்) கிளம்பும். 49 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாத சின்ன ஸ்பீக்கரிலும் கிக் கேட்பது இவற்றால்தான். அன்று இந்த வேலைக்கு மிக்ஸரின் கெயினை முழுக்கத் திருப்பி, ஒலியளவுப் பேடரை இறக்கி வைத்தால் போதும்.

கிக்கின் குணம் கிளிப்புக்கு முன்னால் போடும் ஈக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) இருக்கிறது. அங்கே நடு அலைவரிசையை ஏற்றினால் குரைக்கும், தாழ் அலைவரிசையை ஏற்றினால் உறுமும். பின்னால் போடும் ஈக்யூ மிச்சத்தைத் துடைக்க மட்டும்.

இரைச்சல் வரக் காரணம் பெரும்பாலும் நீண்ட டிகே, அதாவது ஒலி தேய்ந்து மறையும் நேரம். கிளிப் செய்யும்போது மெல்லிய வாலும் தலையின் அளவுக்கு உயர்ந்துவிடும். 180 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 333 மில்லி விநாடிதான். வால் அதைத் தாண்டினால் அடுத்த கிக்கின் மேல் ஏறும். முதலிலேயே டிகேயைக் குறையுங்கள். கிளிப் ஆனபின் 320-இல் வெட்டி, கடைசி 5 மில்லி விநாடியை ஃபேட் செய்யுங்கள். சத்தத்தில் கண்ணாடி கீறுவது போல ஒரு ஒலி கலந்திருந்தால் அது அலையாசிங் (டிஜிட்டலில் அடங்காத உயர் அலைகள் போலி ஒலியாகத் திரும்புவது). ஓவர்சாம்ப்ளிங்கை (உள்ளே கூடுதல் சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) நான்கு மடங்காக்கினால் பெரிதும் அடங்கும்.

கேள்வி: ஹெட்போனில் இடிக்கிறது, கிளப் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. ஏன் சார்?

பதில்: கிக்கில், ஒலியை இடம் வலமாக விரிக்கும் ஸ்டீரியோ வைடனர் போட்டிருப்பீர்கள். கிளப்பில் இரண்டும் கலந்து மோனோவாக வந்தால் இடமும் வலமும் ஒன்றையொன்று தின்றுவிடும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோவாகவே வையுங்கள். தனியாக சப் (மிகத் தாழ்ந்த பேஸ்) சேர்த்திருந்தால் அதன் ஃபேஸையும், அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தையும், திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: கேபர் பாட்டுகளில் வேக்குவம் கிளீனர் மாதிரி ஊளையிடுமே, அது எந்த சின்த் (சிந்தசைஸர்)?

பதில்: ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ. அதில் தயாராக வரும் 'வாட் த' என்ற பிரீசெட் ஒலி. ஜோயி பெல்ட்ரம் கூட்டணியின் 'மென்டாஸ்ம்' பாட்டு 1991-இல் அதைப் பரப்பியது. அதே ஆண்டு ராட்டர்டாமின் ஹியூமன் ரிசோர்ஸ் குழு 'டாமினேட்டர்' வெளியிட்டது. பல்ஸ் விட்த் (அலையின் அகலம்) அசையும் சாடூத் எனும் ரம்பப்பல் அலை, அடியில் ஒலிக்கும் ஒரு சப் ஆசிலேட்டர், ஒலியைப் பலவாக்கித் தடிக்கவைக்கும் கோரஸ் தாராளமாக, சுருதியை இழுக்கும் என்வலப் ஆகியவை இருந்தால் எந்த சாஃப்ட் சின்த்திலும் நெருங்கிவிடலாம். கோரஸை எடுத்தால் பாதி உயிர் போய்விடும்.

கேள்வி: கேபர் ரசிகர்களின் மொட்டைத் தலைகளைப் பார்த்தால் நாஜிக் கூட்டம் மாதிரி இருக்கிறதே?

பதில்: தீவிர வலதுசாரிகள் சிலர் உள்ளே புகுந்தது உண்மை. ஆனால் இனவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிரான வாசகங்களை ரெக்கார்டுகளிலேயே அச்சிட்டு அவர்களை எதிர்த்ததும் இதே ஹார்ட்கோர் லேபிள்கள்தான். மொட்டையும் டிராக்சூட்டும் ஆட வசதி. அதை வைத்து ஆளை எடை போட முடியாது.