நான் எழுந்தால் கோல் விழுகிறது!

கேள்வி: எனக்கு வயது 46. 2005 மே மாதம், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் டிவி ஹாலில் லிவர்பூல் – ஏசி மிலான் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்த்தேன். இடைவேளையில் 0–3. எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை, லிவர்பூல் ஜெயித்தது. அன்று முதல் ஆட்டம் முடியும்வரை நான் எழுவதே இல்லை. எழுந்தால் கோல் விழுகிறது, பல முறை பார்த்துவிட்டேன். இப்போது இடுப்பு வலி. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி சர்க்கரைப் பரிசோதனையில் 6.1. ஜிம்மில் மூன்று தடவை சேர்ந்து மூன்று தடவையும் விட்டுவிட்டேன். "அந்த நாற்காலியை எடைக்குப் போடுங்கள்" என்கிறார் மனைவி. என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாற்காலியை எடைக்குப் போட வேண்டாம். உங்கள் மனைவியின் கவலை முழுக்க நியாயமானது. 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இப்போதே கவனித்தால் திரும்பி வரக்கூடிய இடம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஜிம்மை மூன்று தடவை விட்டவரும் நீங்கள்தான், இருபது வருஷமாக ஒரு பழக்கத்தை விடாமல் காப்பாற்றியவரும் நீங்கள்தான். ஒழுங்கு உங்களிடம் நிறையவே இருக்கிறது. அதை நாற்காலியிலிருந்து கால்களுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ராசி விஷயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1998 உலகக் கோப்பையில் பிரான்ஸின் லோரான் பிளாங்க், ஆட்டம் தொடங்கும் முன் கோல்கீப்பர் ஃபாபியன் பார்தேஸின் மொட்டைத் தலையில் முத்தம் வைப்பார். களத்தில் ஆடுகிறவருக்கே ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது. எதுவும் செய்ய முடியாமல் டிவி முன்னால் தவிக்கிற நமக்குக் கேட்கவே வேண்டாம். நாம் எழுந்தபோது விழுந்த கோல் மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது; உட்கார்ந்திருந்தபோது விழுந்தவை மறந்துபோகின்றன. நீங்கள் பார்த்த அந்த 2005 இறுதிப் போட்டியையே, இஸ்தான்புல்லில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே மால்தீனி கோல் போட்டார். இடைவேளைக்குள் கிரெஸ்போ இரண்டு. அந்த மூன்றும் விழுந்தபோதும் நீங்கள் அதே நாற்காலியில்தானே இருந்திருப்பீர்கள்?

அன்று ஜெரார்ட், ஸ்மிச்சர், அலோன்சோ மூவரும் ஆறு நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பியபோது, மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நின்றுகொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில், கோப் என்கிற ரசிகர் பகுதியில் 1994 வரை இருக்கைகளே கிடையாது. தலைமுறை தலைமுறையாக அந்த அணியின் உயிரான ரசிகர்கள் நின்றே பார்த்தவர்கள். நிற்பது உங்கள் அணிக்கு ராசி இல்லாத காரியம் என்று எப்படிச் சொல்வது?

என் ராசியையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 20, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டி, கோவா ஃபத்தோர்டா மைதானம். 87வது நிமிடத்தில் கோவா 2–1 என்று முந்தியதும் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தேன். உள்ளே கூச்சல் கேட்டது. 90வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையிலேயே பட்டுப் பந்து வலைக்குள் போயிருந்தது. அடுத்து மென்டோசா அடித்தார். சென்னையின் எஃப்சிக்குக் கோப்பை. அன்றிலிருந்து கடைசிப் பத்து நிமிடம் நான் நடந்துகொண்டேதான் பார்க்கிறேன். என் நடையால் கோப்பை வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த ராசியைப் பிடித்துக்கொள்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. நான் முழங்காலுக்கு நல்லதைப் பிடித்துக்கொண்டேன்.

அணிமேல் உள்ள பிரியத்தை உடம்புக்குத் திருப்ப முடியும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் 13 தொழில்முறை கிளப்புகள் சேர்ந்து 'ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெய்னிங்' என்று ஒரு திட்டம் நடத்தின. 35 முதல் 65 வயது வரையிலான, எடை கூடிய ஆண் ரசிகர்களுக்காக. வாரம் ஒரு நாள், 12 வாரம், தங்கள் அணியின் மைதானத்திலேயே பயிற்சி. மற்ற நாட்களில் அடி எண்ணும் கருவியோடு நடை. 747 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களுக்குச் சராசரியாக ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அரைக் கிலோதான். ஜிம் என்றால் ஒதுங்குகிற ஆண்கள்தான் இவர்களும். தன் அணியின் இடம், தன்னைப் போன்ற ரசிகர்கள் என்றதும் வந்துவிட்டார்கள்.

சரி, உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். இங்கிலாந்தில் மதியம் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு 7.30, அங்கே குளிர்காலமானால் 8.30. சாப்பாட்டை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பரோட்டாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் பாதி பார்ப்பதை இந்த சீசனோடு விட்டுவிடலாம். சாப்பிட்டதும் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்ட கையோடு நடந்தால் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். முதல் பாதியை உங்கள் நாற்காலியிலேயே பாருங்கள், அதைத் தொட மாட்டேன். இடைவேளையின் 15 நிமிடமும் மாடிப்படியும் மொட்டை மாடியும். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. 60வது நிமிடத்திலிருந்து நின்று பாருங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். அப்போதும் நாற்காலி உங்கள் கையில்தான் இருக்கிறது. இடுப்பு வலிக்கும் இது நல்லது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகி முதுகை இழுக்கும்.

ஆட்டம் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். உடம்புக்கு வாரம் 150 நிமிட நடையாவது வேண்டும். அதற்கு ஒரு வழி: ஆட்டத்தைப் பற்றிய அலசல், பாட்காஸ்ட், எதுவானாலும் நடக்கும்போது மட்டும்தான் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ரேஸ்கோர்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் அரை மணி நேரம் தெரியாமல் போய்விடும். அப்புறம், அணி தோற்ற மறுநாள் கட்டாயம் நடக்க வேண்டும். பலரும் நழுவுவது அன்றுதான்: மனம் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று. 1990க்குப் பிறகு லீக் பட்டத்துக்காக 2020 வரை முப்பது வருஷம் காத்திருந்த ரசிகர் கூட்டம் உங்களுடையது. எடை இறங்க நான்கு மாதம் காத்திருக்க உங்களால் முடியும்.

சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 12.30க்கோ 1.30க்கோ தொடங்கும். முக்கியமான ஒன்றிரண்டு போக மற்றதை விடுங்கள். தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. காலையில் ஃபோனைத் தொடாமல் மறுஒளிபரப்பைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. உற்சாகத்தில் நேரே டர்ஃப் மைதானத்துக்குப் பந்தாடப் போய்விடாதீர்கள். பல வருஷம் உட்கார்ந்துவிட்டு ஒரு சனிக்கிழமை திடீரென்று ஓடிப் பின்தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டு வருகிற நாற்பது வயதுக்காரர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூன்று மாதம் நடை, அப்புறம் மெதுவோட்டம், அதன் பிறகு பந்து. இரண்டாவது, 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மூனிச் பகுதியில் இதய அவசர நிகழ்வுகள் இரண்டரை மடங்குக்கு மேல் கூடின. ஆட்டத்தின்போது நெஞ்சு இறுகினாலோ இடது கை வலித்தாலோ பெனால்ட்டியே ஆனாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நடையைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தத்தையும் இசிஜியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் கணக்கு. ஆகவே அடுத்த வாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இந்தச் சனிக்கிழமை தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுங்கள். சாப்பிட்ட பிறகான அந்த இருபது நிமிட நடைக்கு உங்கள் மனைவியையும் கூப்பிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.