சின்ன வயதில் லுக்கீமியா: இப்போது எதைச் சோதிப்பது?

கேள்வி: எனக்கு 28 வயது, செந்தூலில் இருக்கிறேன். ஆறு வயதில் லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) வந்து கோலாலம்பூரில் சிகிச்சை எடுத்தேன். குழந்தைகள் பிரிவில் 18 வயது வரை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் எங்கும் போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனால், இந்த நோயிலிருந்து மீண்டவர்களின் உடல் 20 வருடம் முன்னதாகவே மூப்படைகிறது என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்வதாகப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வரும் தை மாதம் கல்யாணம். அம்மா "பழசைக் கிளறாதே" என்கிறார். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஃபுல் செக்கப் எடுத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பணத்தில் பாதி வீண் என்றே சொல்வேன். காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன் அந்த 20 வருடக் கணக்கை முடித்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் சொல்லும் வேறெதுவும் காதில் விழாது.

அது 2017இல் வெளிவந்த ஆய்வு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஹனி அரிஃபினும் அவர் குழுவினரும் செய்தது. சிறுவயதில் லுக்கீமியாவிலிருந்து மீண்ட 87 பேர், 18 முதல் 35 வயது வரை, எந்த நோய்க்குறியும் இல்லாதவர்கள். அதாவது உங்களைப் போன்றவர்கள். அவர்களுடைய ரத்த வெள்ளணுக்களில் டெலோமியரின் நீளத்தை அளந்தார்கள். டெலோமியர் என்பது குரோமோசோமின் முனைப்பகுதி. செல் பிரியும்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். அவர்களின் டெலோமியர், 20 வயது மூத்த ஆரோக்கியமானவர்களிடம் இருக்கும் அளவுக்குக் குட்டையாக இருந்தது. தலைக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடம் இன்னும் குட்டை.

இது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். உங்களுக்கு 48 வயதாகிவிட்டது என்று பொருளில்லை. டெலோமியரை நீட்ட மருந்தும் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி. மீண்டவர்களின் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்தது. அது கூடியிருந்தவர்களுக்கு, பெருத்த இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு ஏழு மடங்கு. இதற்கு நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. போதாக்குறைக்கு, மலேசியாவில் நீரிழிவு அதிகம் இருப்பதே நம் இந்தியர்களிடம்தான்.

பெரிய படமும் தெரியட்டும். அமெரிக்காவில், சிறுவயதில் பலவகைப் புற்றுநோயிலிருந்து மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வந்தது. நோய் கண்டு 30 ஆண்டு ஆவதற்குள் 73 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நீடித்த உடல்நலப் பிரச்சினை வந்திருந்தது. பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் 1970 முதல் 1986 வரை சிகிச்சை பெற்றவர்கள், வாங்கிய மருந்தும் கதிர்வீச்சும் கடுமையானவை. பிறகு டாக்டர்கள் வேண்டுமென்றே அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதல் ஐந்தாண்டைத் தாண்டியவர்களில் 15 ஆண்டு இறப்பு விகிதம், 1970களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களிடம் 12.4 சதவீதம், 1990களின் தொடக்கத்தில் பெற்றவர்களிடம் 6. உங்கள் சிகிச்சை அதற்கும் பின்னால் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதைச் சோதிப்பது என்பதை இன்றைக்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை. அன்றைக்கு உங்கள் உடம்புக்குள் எது, எவ்வளவு போனது என்பதுதான் தீர்மானிக்கும். செக்கப் பேக்கேஜுக்கு அது தெரியாது. நாற்பது ரத்தப் பரிசோதனை, டியூமர் மார்க்கர் (ரத்தத்தில் புற்றுநோய் அறிகுறி தேடும் சோதனை) எல்லாம் எடுப்பார்கள். உங்களுக்கு அவசியப்படக்கூடிய இதய எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்டு ஸ்கேன்) அதில் பல நேரம் இருக்காது. டியூமர் மார்க்கரில் ஏதாவது லேசாகக் கூடியிருந்தால் தேவையில்லாத ஸ்கேனும் கவலையும்தான் மிச்சம்.

ஆகவே முதல் வேலை, சிகிச்சைச் சுருக்கம் வாங்குவது. சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஐசியோடு (அடையாள அட்டை) சூராட் பெரானாக்கையும் (பிறப்புப் பத்திரம்) எடுத்துப் போங்கள். ஆறு வயதில் உங்களுக்கு ஐசி கிடையாது, அதனால் ஃபைல் பிறப்புப் பத்திர எண்ணிலோ அம்மாவின் ஐசி எண்ணிலோ பதிந்திருக்கலாம். "லுக்கீமியா, குணமாகிவிட்டது" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். மருந்துகளின் பெயர், மொத்த அளவு, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), ரத்தம் ஏற்றினார்களா என்பதெல்லாம் வேண்டும் என்று கேளுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளை: டாக்ஸோரூபிசின், டாவ்னோரூபிசின். அம்மாவிடம் "சிவப்பு மருந்து" என்று கேட்டால் நினைவிருக்கும். சிறுநீரே சிவப்பாகப் போகும், பார்த்த தாய் மறக்க மாட்டார். இவை இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை, பாதிப்பு பல வருடம் கழித்துக்கூடத் தெரியவரும். உடலின் பரப்பளவை வைத்துத்தான் அளவு கொடுப்பார்கள். உதாரணமாக, ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் நாலு முறை என்றால் மொத்தம் 100. டாவ்னோரூபிசினைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிடுவார்கள், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நெஞ்சுக்குக் கதிர்வீச்சு இல்லாத பட்சத்தில், சர்வதேச வழிகாட்டுதல்படி 250க்கு மேல் போனவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ, 100 முதல் 250 வரை ஐந்து வருடத்துக்கு ஒன்று. நூறுக்குக் கீழ் என்றால் வழக்கமான எக்கோ தேவையில்லை.

தலைக்குக் கதிர்வீச்சு எடுத்திருந்தால் தைராய்டு, மற்ற ஹார்மோன்கள், கண் எல்லாம் பட்டியலில் சேரும். தீராத தலைவலியை அலட்சியம் செய்யக்கூடாது. ஸ்டீராய்டு அநேகமாக எல்லோரும் எடுத்திருப்பார்கள், அதனால் எலும்புத் திண்மையை ஒரு தடவை பார்க்கலாம். அப்புறம் பல் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அந்தச் சுருக்கத்தோடு வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய், குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் மிகக் குறைவுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்பளவு ஆகியவற்றை வருடாவருடம் அங்கேயே பார்க்கலாம். பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எக்கோவுக்கு ரெஃபரல் லெட்டரும் அவரே தருவார். வேப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், இதயம் ஏற்கெனவே ஒரு சுமையைத் தாங்கியிருக்கிறது.

கல்யாணம். அம்மாவின் பயம் புரிகிறது. நம் வீடுகளில் பெண்ணுக்கு வந்த நோயை மூடி வைப்பதுதான் வழக்கம். இருந்தாலும் மாப்பிள்ளையிடம் நீங்களே, நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அவர் வீட்டார் அனைவருக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "குழந்தைக்கும் வருமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சிறுவயது லுக்கீமியா பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. மீண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு அதிகம் என்றும் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்றால் நல்ல அறிகுறி. சைக்ளோபாஸ்பமைடு (சினைப்பையைப் பாதிக்கக்கூடிய இன்னொரு புற்றுநோய் மருந்து) அதிக அளவில் போயிருந்தால் மட்டும், பிள்ளை பெறுவதை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்.

சிவப்பு மருந்து எடுத்தவர் என்றால், கர்ப்பத்துக்கு முன்பு ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள். கர்ப்பப் பதிவுக்குப் போகும் முதல் நாளே நர்ஸிடம் சிகிச்சைச் சுருக்கத்தின் நகலைக் கொடுத்து, கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.