பாக்தாத் மின்கலம்: கண்காட்சி மாதிரிக்கு என்ன தலைப்பு வைப்பது?

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் அறிவியல் கண்காட்சிக்குச் செய்துள்ள 'பாக்தாத் மின்கலம்' எனப்படும் பழைய மண்சாடியின் மாதிரிக்கு '2000 ஆண்டுப் பழைமையான மின்கலம்' என்று தலைப்பிட்டதாகவும், ஆசிரியர் ஆதாரம் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி.

1936இல் பாக்தாதுக்கு அருகே கிடைத்த அந்த மண்சாடி ஏறக்குறைய 14 செ.மீ. உயரமுடையது, உள்ளே சுருட்டிய செப்புத் தகட்டுக் குழல், அதன் நடுவே துருவேறிய இரும்புக் கம்பி, வாயை அடைத்த நிலக்கீல் (தார் போன்ற பொருள்), அவ்வளவுதான். இது மின்கலமாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர், அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் கோனிக்.

வினிகர் ஊற்றினால் மாதிரியில் சிறிதளவு மின்னழுத்தம் வருவது உண்மையே. ஆனால் இரும்பும் செம்பும் புளித்த நீரில் சேர்ந்தால் எங்கும் அப்படித்தான் நிகழும் என்பதால், அக்கால மக்கள் அதற்காகவே அதைச் செய்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. மூலச் சாடியில் நிலக்கீல் செப்புக் குழலை முழுதும் மூடியிருப்பதால் அதில் மின்கம்பி இணைக்க வழியில்லை. இணைப்புக் கம்பி எதுவும் உடன் கிடைக்கவுமில்லை. மின்சாரத்தால் முலாம் பூசப் பயன்பட்டது என்பார்கள், ஆனால் அக்காலப் பொன்முலாம் மின்சாரமின்றிப் பாதரசம் கொண்டு பூசப்பட்டது. டைகிரிஸ் ஆற்றங்கரையின் பழைய நகரங்களில் கிடைத்த இதே வகைப் பொருள்களில் பாப்பிரஸ் (நாணல் வகைச் செடியிலிருந்து செய்த பழங்கால எழுதுதாள்) எச்சங்கள் இருந்தமையால், எழுத்துச் சுருள்களைக் காக்கும் கலம் என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

மாதிரியைக் கைவிட வேண்டாம். 'பாக்தாத் சாடி மின்கலமா?' என்று தலைப்பை மாற்றி, மூலத்தில் உள்ளதுபோல் செப்புக் குழல் முழுதும் மூடப்பட்ட சாடி ஒன்றையும் ஒப்பிட்டுக் காட்ட அருகில் வைக்கச் சொல்லுங்கள்.