சுவிஸில் மாதக்கணக்காக வெயில் இல்லை. இது பழகிவிடுமா?

கேள்வி: “கலியாணம் முடித்து ஓல்ட்டனுக்கு வந்து நாலு மாதம். நவம்பரில் மூடின வானம் இன்னும் திறக்கவில்லை. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும் போல இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ‘பழகிவிடும்’ என்கிறார்கள். உண்மையில் பழகுமா?”

பழகாது, தங்கச்சி.

மற்றவர்களைப் போல நானும் பத்து வருடம் “பழகும்” என்று சொல்லித் திரிந்தவன்தான். அதுதான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும், இரவு வேலை முடிந்து வந்தும் படுக்காமல் இருந்து எழுதுகிறேன்.

நான் 1990இல் வந்தேன். மனைவி 1999இல் வந்தா. லுசேர்னுக்குப் பக்கத்தில் எம்மன்புறூக்கில் மூன்றாம் மாடி வீடு. முதல் ஜனவரியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு யன்னலடியில் நின்று, “இஞ்சருங்கோ, இஞ்ச சூரியன் எந்தப் பக்கத்தால வாறது?” என்று கேட்டா. நான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் இருந்த ஊரில் கிழக்கு எது என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. “பழகும்” என்றேன். அடுத்த வருடமும் கேட்டா, அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, என்னை வேலைக்கு அனுப்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, பதினொரு மணி வரைக்கும் லைற்றும் போடாமல் கட்டிலில் இருப்பாவாம்.

உடனே சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று. நான் டொக்டர் இல்லை. வெயிலைப் பார்த்தால் எல்லா மனச்சோர்வும் தீரும் என்று சொல்லவும் இல்லை. தங்கச்சி, கிழமைக்கணக்கில் படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் இருந்தால் முதலில் உங்கள் வீட்டு டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்வார்கள். எரியுங்கள், டொக்டரிடமும் போங்கள். என் மனைவியின் இரத்தத்தைச் சோதித்து விற்றமின் டி துளிகள் எழுதிக் கொடுத்தவர் டொக்டர்தான், நான் இல்லை.

இனி என் கதை.

லுசேர்னில் ஏரிக்கரையோரம் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவன். டிசம்பர், ஜனவரி ஞாயிறு பின்னேரங்களில் ஒரு கூட்டம் சாப்பிட வரும். முகமெல்லாம் சிவந்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்ட அடையாளம் வெள்ளையாக இருக்கும். வெளியில் ஐந்து மணிக்கே இருட்டு, மூன்று கிழமையாகச் சாம்பல் வானம். இவர்கள் கனாரித் தீவுக்கு விடுமுறை போய் நேரே விமானத்தால் இறங்கி வருகிறார்கள் என்றுதான் நான் பதினெட்டு வருடமாக நினைத்திருந்தேன். சத்தியமாக.

2009 ஜனவரியில், கூட வேலை செய்த போர்த்துக்கேயன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கீழே இருந்துவிட்டான். “கனாரியும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தா அங்கே” என்று யன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். அங்கே ஒன்றும் தெரியவில்லை, புகார்தான். “அதுக்கு மேலே” என்றான்.

எங்கள் பாஷையில் ஒரு கரைச்சல். புல்லில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி. நான் இங்கே சொல்வது கண்ணை மறைப்பதை. ஊரில் அம்மா அதைப் புகார் என்பா, நானும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் தலைக்கு மேலே நிற்பது மழைமுகில் இல்லை. குளிர்காலத்தில் உயர் அமுக்கம் வந்து குந்தினால், நீண்ட இரவுகளில் தரை சூட்டை இழந்து குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது யூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் நடுவில் உள்ள பள்ளத்திலும், அல்ப்ஸ் பள்ளத்தாக்குகளின் அடியிலும், கிடாரத்தில் ஊற்றின தண்ணீர் மாதிரித் தேங்கிவிடும். மேலே இருக்கிற சூடான காற்று மூடி மாதிரி நிற்கும். நடுக்குளிர்கால வெயிலுக்கு அந்த மூடியைத் திறக்கிற பலம் இல்லை. அதனால் உயரப் போகப் போகக் குளிர் கூடாமல் குறையும். நாங்கள் போன அன்று கீழே சைபருக்குக் கீழ் இரண்டு, மேலே சைபருக்கு மேல் ஏழு. நீங்கள் இருக்கிற ஓல்ட்டன் என்றால் சுவிஸ்காரருக்கே புகார்தான் ஞாபகம் வரும். அது உங்கள் தலைவிதி இல்லை, ஆரே ஆற்றங்கரைக்கு விழுந்த விதி.

திங்கட்கிழமை எங்கள் ரெஸ்ரோரன்றுக்குப் பூட்டு. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால், “மலை ரெயினுக்குக் குடுக்கிற காசுக்கு ரெண்டு கிழமைச் சாமான் வாங்கலாம்” என்று நின்றுவிடுவா. லுசேர்னிலிருந்து விட்ஸ்னாவுக்குக் கப்பலில் ஒரு மணித்தியாலம். கரை தெரியவில்லை, கப்பலின் முன்பக்கமே பாதிதான் தெரிந்தது. “எங்கையோ ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டு நினைச்சன், இது ஏரிக்க தள்ளிவிடுற பிளான் போல கிடக்கு” என்றா.

விட்ஸ்னாவில் சிவப்பு நிறப் பற்சக்கர ரெயின். 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரெயின் அதுதான். ஏரி மட்டம் 434 மீற்றர், ரெயின் ஏறுகிற ரிகி மலையின் உச்சி 1798 மீற்றர். ரெயின் மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. பத்து நிமிடம் யன்னலில் வெறும் சாம்பல். பிறகு அந்தச் சாம்பல் வெள்ளையாகி, வெள்ளை மஞ்சளாகி, வெயிலுக்கு முன்னம் நான் நிழலைக் கண்டேன். தேவதாரு ஒன்றின் நிழல் பனியில் நீலமாகக் கிடந்தது. நிழலைக் கண்டு எத்தனை கிழமை! மனைவி ஒன்றும் கதைக்கவில்லை. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை யன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

உச்சிக்கு முன்னம், வழியில் உள்ள கால்ட்பாத் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஃபிர்ஸ்ட் வழியாக ஷைடெக் வரைக்கும் ஒரு பாதை. 1875இல் அதில் ரெயின் ஓடியது, 1931இல் நிறுத்திவிட்டார்கள். ரெயின் ஓடின தடம் என்றபடியால் பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை. முழங்கால் வருத்தக்காரரும் நடக்கலாம். குளிர்காலத்தில் பனியை அமுக்கி விட்டிருப்பார்கள், ரோஸ் நிறக் கம்பும் ரோஸ் நிறப் பலகையும் வழி காட்டும். (கோடைகாலப் பாதைக்கு மஞ்சள் பலகை. மஞ்சளைப் பார்த்துப் பனிக்குள் இறங்கிவிடாதீர்கள்.) நடுவில் ஒரு சின்னச் சுரங்கம், ஒரு பழைய இரும்புப் பாலம். ஏழு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மணித்தியாலம் போதும் என்பார்கள், எங்களுக்கு மூன்றரை எடுத்தது. மனைவி போட்டிருந்தது கோயிலுக்குப் போடுகிற சப்பாத்து. இரண்டு தரம் சறுக்கி என்னையும் சேர்த்து விழுத்தினா.

ஃபிர்ஸ்டைத் தாண்டி ஒரு வளைவில் நின்று பார்த்தோம். ஏரி இல்லை, ஊர் இல்லை, நான் வேலை செய்கிற ரெஸ்ரோரன்ற் இல்லை. பிலாத்துஸ் மலை மட்டும் வெள்ளைக்கு மேலே முழுதாக. பூர்கன்ஸ்டொக் 1128 மீற்றர், அதன் முதுகு மட்டும் கறுப்பாக வெளியில். தெற்கே ஊரி மாநிலத்து மலைகள் வரிசையாக, கிட்டத்தில் நிற்பது போல. நான் புங்குடுதீவான். குறிகட்டுவான் துறையில் நின்று நயினாதீவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைக் கடல் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சுவிஸ்காரரும் அதைப் புகார்க்கடல் என்றுதான் சொல்கிறார்கள். கரையில் அலை அடிப்பது போல, புகார் காட்டோரமாக மெல்ல ஏறி ஏறி இறங்கியது. அதற்குக் கீழே நாலு லட்சம் பேரோ என்னவோ, லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நேற்று நானும் அதற்குள்தான்.

எதிரே வருகிற ஒவ்வொருவரும் “குரூட்சி” சொன்னார்கள், எங்கள் வணக்கம் மாதிரி. எங்கள் கட்டடத்தில் ஒரே லிஃப்ற்றில் ஏறுகிற மனுசி பத்து வருடமாகச் சொல்லாத குரூட்சி! மலையில் மட்டும் வாய் திறப்பார்கள் போல.

ஒரு மரக்குடிலின் தெற்குச் சுவரோடு வாங்கில் இருந்தோம். பக்கத்தில் இரண்டு கிழவர்கள் சேட்டைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டியிருந்தார்கள். நாங்கள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம், பிளாஸ்கில் தேத்தண்ணி. மனைவி ஜக்கற்றைத் திறந்துவிட்டா. கொஞ்ச நேரம் சுவரைத் தொட்டுப் பார்த்தா, சூடு. வாங்கையும் தொட்டுப் பார்த்தா. நான் எதிர்பார்த்தது, “ஏன் இவ்வளவு வருசமும் கூட்டிக்கொண்டு வரேல்லை” என்ற கேள்வியை. அதற்குப் பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவ சொன்னது:

“இஞ்சருங்கோ, இதில வடகம் காயப்போடலாம்.”

உண்மையில் ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? காசு ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் அதைவிட, அந்த மலையும் ரெயினும் வெள்ளைக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் உரியவை, நாங்கள் அவர்கள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவ வந்தவர்கள் என்று ஒரு நினைப்பு. யாரும் எங்களை மறித்ததில்லை. நாங்களாகவே போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தக் கிழமை ஒரு சாமத்திய வீடு (பூப்பு நீராட்டு விழா). மலையில் வாங்கின வெயிலில் மனைவியின் முகம் நிறம் மாறியிருந்தது. (கீழே பனி, மேலே சூரியன், இரண்டு பக்கமும் சுடும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. நீங்கள் கிறீமும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் கொண்டுபோங்கள்.) மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மூன்று பேர் வரிசையாக, “என்ன, கறுத்துப் போனீர்?” அவ்வளவு நாளும் இருட்டறையில் கிடந்தவளை ஒருத்தரும் “என்ன, வாடிப் போனீர்” என்று கேட்கவில்லை. பிறகு மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்களோடு மலைக்கு வரத் தொடங்கினாள். அவளுடைய சாமத்திய வீட்டுக்கு முதல் மாதம் ஒரு சொந்தக்காரி வீடு தேடி வந்து, “கொஞ்ச நாளைக்கு வெயிலுக்கை விடாதையுங்கோ, படம் வடிவா வராது” என்று ஒரு வெள்ளையாக்கிற கிறீமும் தந்துவிட்டுப் போனா. சுவிஸில், ஜனவரியில், வெயிலுக்குள் விடாதே என்கிறா! கிறீமை எறிந்தேன். அந்த மனுசியோடு இன்றுவரை பெரிதாகக் கதைப்பதில்லை. இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஓல்ட்டன் என்றபடியால் ரிகி வரைக்கும் வரத் தேவையில்லை. ரெயினில் சோலோதூர்ன் போய், அங்கிருந்து ஓபர்டோர்ஃப் போனால் வைசன்ஸ்டைன் மலைக்கு கேபிள் கார் இருக்கிறது, 1284 மீற்றர். தெளிந்த நாளில் அல்ப்ஸ் முழுக்க ஒரே வரிசையாகத் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெளிக்கிடாதீர்கள். வானிலை அறிக்கையில் புகாரின் மேல்மட்டம் எத்தனை மீற்றர் என்று சொல்வார்கள், “ஒபெர்கிரென்ட்சே” என்ற சொல்லைத் தேடுங்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் என்றால் போகலாம். பீசே என்கிற வடகிழக்குக் காற்று அடித்தால் மேல்மட்டம் உயர்ந்து ஆயிரத்தைந்நூறும் தாண்டும், அன்றைக்கு வைசன்ஸ்டைனும் புகாருக்குள்தான். மலை உச்சிக் கமராவைக் கைபேசியில் பார்த்துவிட்டு ரிக்கற் எடுங்கள். நான் ஒருநாள் பார்க்காமல் போய், காசு கொடுத்து இன்னும் மொத்தமான புகாருக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவன். ஹால்ப்டாக்ஸ் காட் எடுத்துவிடுங்கள், பாதிக் காசு. “பிள்ளைகுட்டிக்காரருக்கு இதெல்லாம் கட்டுமா” என்று கேட்கப்போகிறவர்கள், குளிர்காலத்தில் எத்தனை மண்டபத்துக்கு எத்தனை என்வலப் கொடுத்தார்கள் என்று முதலில் கூட்டிப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால் தனியாகப் போங்கள், குரூட்சி சொல்ல ஆள் இருக்கும்.

வடகக் கதை முடியவில்லை. அடுத்த வருடம் ஊரிலிருந்து காய்ந்த வேப்பம்பூ பார்சலில் வந்தது. மனைவி உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் போட்டு உருட்டி, ஒரு தட்டில் அடுக்கித் துணியால் கட்டி, ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வந்தா. அதே வாங்கில் பரப்பினா. ஒரு கிழவி வந்து குனிந்து பார்த்துவிட்டு, குருவிக்குப் போடுகிற சாப்பாடா என்று கேட்டா. நான் டொச் பாஷையில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சொண்டு மலைக்காகம் ஒன்று இறங்கி இரண்டு உருண்டையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மனைவி சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பையைத் திறந்து, ஊரில் வடகத்துக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, கறுப்புக் குடையை எடுத்து விரித்து வைத்தா. ஒரு முகிலும் இல்லாத வானத்துக்குக் கீழே எதற்கு இந்தக் குடை என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மணித்தியாலத்தில் மேல்பக்கம்தான் காய்ந்தது. மிச்சம் வீட்டைச் சூடாக்கிற ஹைசுங்குக்கு மேலே.