முகம் பார்த்துக் கொடுத்த கடன்

கேள்வி: அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்தக் காலத்துக் கிராமக் கடைகளின் படங்களைப் பார்த்தேன். மரத் திண்ணை, சுவரில் கோகோ கோலா விளம்பரம், வாசல் பெஞ்சில் ஊர்க்கதை பேசும் பெரியவர்கள். முகத்தைப் பார்த்தே கடன் கொடுத்த அந்த மனிதத்தன்மை இன்றைய சூப்பர் மார்க்கெட்டில் உண்டா? (வாசகர், தேனி)

பதில்: படம் அழகுதான். கல்லாப் பக்கம் கிடந்த கணக்கு நோட்டையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களிடம் நிலமும் இல்லை, காசும் இல்லை. ஏழை வெள்ளைக்காரக் குத்தகைதாரர் பலரும் பின்னாளில் இதே வலையில் சிக்கினார்கள். வங்கிகளோ அரிது. அதனால் விதை, சோள மாவு, உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி எல்லாம் கடையில் கடன். பருத்தி எடுத்த பிறகு கணக்குத் தீர்ப்பது. இதற்கு ஈடு என்ன தெரியுமா? இன்னும் முளைக்காத பருத்தி! ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிட எக்கச்சக்கமாக ஒரு விலை, அதற்கு மேல் வட்டி. கணக்கு எழுதுபவர் கடைக்காரர். வாங்குபவர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த மண் அது. பாக்கி விழுந்தால் அடுத்த விளைச்சலும் அதே கடைக்கு ஈடு. அப்புறம் வேறு கடைக்காரர் எப்படிக் கடன் கொடுப்பார்? சரி, வீட்டுக்காவது கொஞ்சம் சோளம் போடலாமென்றால், காசாகும் பருத்தியைத்தான் போடவேண்டும் என்பார் கடைக்காரர். (அவரை மட்டும் வில்லனாக்க வேண்டாம். மொத்த வியாபாரியிடம் அவரும் கடனில்தான் சரக்கு எடுத்தார்.)

முகம் பார்த்தார்கள் என்பது மட்டும் உண்மை. வெள்ளைக்காரர் உள்ளே வந்தால், முன்பே வந்து நிற்கும் கறுப்பர் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும்.

இவர்களுக்கு முகமே பார்க்காத கடை ஒன்று தபாலில் வந்தது: தபாலில் ஆர்டர் வாங்கிச் சரக்கு அனுப்பிய சிகாகோவின் சியர்ஸ் ரோபக் கம்பெனியின் கேட்லாக், அதாவது சரக்குப் பட்டியல் புத்தகம். அச்சடித்த விலை, எவருக்கும் ஒரே விலை. ஆனால் பல ஊர்களில் தபால் ஆபீஸே கடைக்குள்தான் இருந்தது, போஸ்ட்மாஸ்டரும் கடைக்காரரே! யார் எங்கே ஆர்டர் அனுப்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போகுமா? 1896-இல் தொடங்கிய கிராமத் தபால் விநியோகம் வீட்டுப் பக்கம் வந்த பிறகுதான் அவர் கண்ணில் படாமல் கடிதம் போட முடிந்தது. 1913-இல் அரசுத் தபாலிலேயே பெரிய பார்சலும் வரத் தொடங்கியது. ஊர்க் கடைக்காரர்கள் அந்தத் திட்டத்தை எதிர்த்ததில் வியப்பென்ன?

மனிதத்தன்மை கேட்டீர்களே. அந்த முகம் பார்க்காத கம்பெனியின் தலைவராயிருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் பணம் கொடுத்து, கறுப்பின ஊர்மக்களும் தங்கள் கைக்காசையும் உழைப்பையும் போட்டு, 1912 முதல் 1932 வரை தெற்கில் ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கணக்கு நோட்டைப் படிக்கத் தெரியாதவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கணக்குப் படித்தார்கள்.