கணினி கேள்வி – பதில்: ஜப்பானிய மொழிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ ஆசை. ஜப்பானிய மொழிக்கென்றே ஜப்பானில் உருவான டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். ஜப்பானிய மொழிக்குத் தேவையானவை மூன்று: எழுத்துரு, அடிப்பதை ஜப்பானிய எழுத்தாக மாற்றும் உள்ளீட்டு இயந்திரம், அந்த இயந்திரத்தை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் உள்ளீட்டு அமைப்பு. பெரிய டிஸ்ட்ரோக்கள் எல்லாவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலும் இவை இருக்கின்றன. ஜப்பானியர்களுக்காகவே உருவாகி ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த வைன் லினக்ஸ் 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சிறு குழு கையை விட்டுவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். அதனால் மொழியைப் பார்த்து டிஸ்ட்ரோவைத் தேடாதீர்கள். உங்கள் கணினியின் வலுவையும், திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பதையும் பாருங்கள்.

உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல் கொண்ட பதிப்பைத்தான் சொல்வேன். 2 ஜிபி நினைவகம் இருந்தாலே ஓடும், 4 ஜிபியில் தடுமாறாது. 2029 வரை திருத்தங்கள் வரும். நிறுவும்போது மொழியாக ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். மெனுக்கள் ஜப்பானியத்தில் இல்லாவிட்டாலும் ஜப்பானியத்தில் தட்டச்சு செய்ய எந்தத் தடையும் இல்லை. மாறாக, ஜப்பானியத்தைத் தேர்ந்தெடுத்து நிறுவினால் பதிவிறக்கம், ஆவணங்கள் போன்ற கோப்புறைகளின் பெயர்கள் கூட ஜப்பானிய எழுத்தில் உருவாகிவிடும்; பிறகு முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) அவற்றுக்குள் போவதற்கே உள்ளீட்டு இயந்திரத்தை இயக்க வேண்டியிருக்கும்.

நிறுவி முடித்து இணையத்தில் இணைந்ததும், மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ என்ற கருவியைத் திறங்கள். இடப்பக்கம் ‘ஜப்பனீஸ்’ என்பதைச் சொடுக்கினால், செய்ய வேண்டியவை படிப்படியாக வரும்: மொழிப் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவுவது, உள்ளீட்டு அமைப்பைத் தேர்ந்தெடுப்பது, வெளியேறி மீண்டும் உள்நுழைவது. கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளீட்டு அமைப்பு நீங்கள் உள்நுழையும்போதுதான் தொடங்கும் என்பதால், சாளரத்தை மூடித் திறப்பது மட்டும் போதாது.

இயந்திரமாக மோஸ்க் இருக்கட்டும். கூகுள் தன் ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளின் அடிப்படையில் 2010-இல் திறமூலமாக வெளியிட்டது அது. கியோத்தோ பல்கலைக்கழக மாணவர் கணினிக் குழுவிலிருந்து வந்த ஆந்தி என்ற பழைய இயந்திரமும் உண்டு, மோசமில்லை. ஆனால் நீண்ட வாக்கியத்தைச் சரியான இடத்தில் பிரித்துக் கான்ஜியாக (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளாக) மாற்றுவதில் மோஸ்க் தெளிவாக முந்துகிறது. ஃபெடோரா என்ற வேறொரு டிஸ்ட்ரோவுக்குப் போகிறவர்கள் ஆந்தி ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடாமல், மோஸ்க்கை ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்போடு இணைக்கும் ‘ஐபஸ்-மோஸ்க்’ பொதியையும் நிறுவிக்கொள்வது நல்லது.

கேள்வி: உபுண்டுவில் ‘ஜப்பனீஸ்’ சேர்த்துவிட்டேன். ஆனால் எதை அடித்தாலும் ஆங்கிலமே வருகிறது. (வாசகர், கோவை)

பதில்: இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். முதலாவது, நீங்கள் சேர்த்தது வெறும் விசைப்பலகை அமைப்பு. ஜப்பானில் விற்கும் கணினியின் விசைகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எழுத்தாக மாற்றுவது இன்னொன்று. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், கூட்டல் குறியை அழுத்தி, ஜப்பனீஸுக்குள் நுழைந்து, ‘ஜப்பனீஸ் (மோஸ்க்)’ என்று அடைப்புக்குறியோடு இருப்பதைச் சேருங்கள். பட்டியலில் அது இல்லையென்றால் ஐபஸ்-மோஸ்க் பொதி நிறுவப்படவில்லை, அல்லது நிறுவிய பிறகு நீங்கள் வெளியேறி உள்நுழையவில்லை.

இரண்டாவது, மோஸ்க் பெரும்பாலும் நேரடி உள்ளீட்டு நிலையில்தான் (அடித்த ஆங்கில எழுத்தை அப்படியே தரும் நிலை) விழித்துக்கொள்ளும். சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி மோஸ்க்குக்கு மாறிய பின்னும் ஆங்கிலமே வருவது இதனால்தான். மேல்பட்டையில் உள்ள மோஸ்க் மெனுவைத் திறந்து ஹிராகானாவை (ஜப்பானியத்தின் அடிப்படை ஒலி எழுத்துகள்) தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘கான்ஃபிக்’ கோப்புறைக்குள் மோஸ்க் என்ற கோப்புறை இருக்கிறது. அதில் ஐபஸ் அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘ஆக்டிவ் ஆன் லாஞ்ச்’ என்ற வரியில் ‘ஃபால்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிவிட்டு மீண்டும் உள்நுழையுங்கள்.

தட்டச்சில் சில பழக்கங்கள் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. தனி ‘ன்’ எழுத்துக்கு ‘என்’ விசையை இரண்டு முறை அடியுங்கள். ஒரு முறை அடித்து உடனே உயிரெழுத்தை அடித்தால் அது ‘ன’ வரிசையாகிவிடும். கடகானாவின் (பிறமொழிச் சொற்களுக்கான ஒலி எழுத்துகள்) நீட்டல் கோட்டுக்குக் கழித்தல் விசை. சிறிய எழுத்து மட்டும் தனியே வேண்டுமானால் முன்னால் ‘எக்ஸ்’. இடைவெளி விசை கான்ஜியாக மாற்றும், என்டர் உறுதிசெய்யும், எஃப்7 முழுவதையும் கடகானாவாக்கும், எஃப்10 ஆங்கிலத்துக்குத் திருப்பும். சொற்களைத் தவறான இடத்தில் பிரித்துவிட்டால் அழித்துத் திரும்ப அடிக்க வேண்டாம்: மாற்றிய நிலையிலேயே ஷிஃப்ட்டுடன் இட, வல அம்புகளை அழுத்தினால் துண்டின் நீளம் குறையும், கூடும்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் உள்ள கான்ஜியும் திரையில் தெரிவதும் சற்று வேறுபடுகின்றன. எது சரி? (வாசகி, சேலம்)

பதில்: புத்தகம்தான் சரி. திரையில் நீங்கள் பார்ப்பது சீன வடிவமாக இருக்க வேண்டும். சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்குப் பொதுவான எழுத்துகளுக்கு யூனிகோட் ஒரே எண்ணைத் தந்திருக்கிறது; எந்த நாட்டு வடிவில் காட்டுவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. உங்கள் கணினி ஆங்கிலத்திலோ தமிழிலோ இருப்பதால், ஜப்பானிய வடிவம் வேண்டும் என்ற குறிப்பு அதற்குக் கிடைப்பதில்லை. கையில் கிடைத்த சீன எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. எலும்பைக் குறிக்கும் கான்ஜியைத் திறந்து பாருங்கள். மேற்பகுதிக்குள் இருக்கும் சிறு மூலை ஜப்பானிய வடிவில் வலப்பக்கம் இருக்கும். சீன மக்கள் குடியரசின் வடிவில் இடப்பக்கம். எழுதிப் பழகுகிறவருக்கு இது சின்ன விஷயமே அல்ல, கை தவறாகவே படிந்துவிடும்.

‘நோட்டோ சிஜேகே’ எழுத்துருப் பொதியை நிறுவுங்கள். அதில் ‘ஜேபி’ என்று முடியும் பெயர்களே ஜப்பானிய வடிவங்கள். சீனம் படிக்காதவர் வென்குவான்யி போன்ற சீன எழுத்துருக்கள் இருந்தால் நீக்கிவிடலாம். ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் இணையப் பக்கங்களுக்கான மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தையும் சேர்த்துவிடுங்கள். மொழி குறிப்பிடாத பக்கங்களிலும் அது ஜப்பானிய வடிவத்தை நாடும். லிப்ரேஆஃபிஸில் மொழி அமைப்புகளுக்குப் போய், ஆசிய மொழி என்ற இடத்தில் ஜப்பானியத்தை வையுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்புப் பெயர்கள் எல்லாம் குப்பையாக வருகின்றன. (வாசகர், மதுரை)

பதில்: கோப்பு கெட்டுப்போகவில்லை. ஜப்பானிய விண்டோஸ் பெயர்களை ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் எழுதியிருக்கும். உங்கள் லினக்ஸ் வேறு குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது. பிரித்தவற்றை அழித்துவிட்டு, ‘அன்ஆர்’ என்ற கருவியை நிறுவி அதனால் மீண்டும் பிரியுங்கள். குறியாக்கத்தை அதுவே ஊகித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் உரைக்கோப்பும் குப்பையாகவே தெரிந்தால், ‘கேட்’ (Kate) என்ற உரைத் தொகுப்பானில் திறந்து குறியாக்கத்தை ஷிஃப்ட்-ஜிஸ் என மாற்றிப் பாருங்கள். சரியாகத் தெரிந்த பிறகே யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். குப்பையாகத் தெரியும்போதே சேமித்தால் மூலமும் போய்விடும்.

கேள்வி: கேடிஇ பிளாஸ்மா திரைச்சூழலில் ஃபிசிடிக்ஸ் 5 என்ற உள்ளீட்டு அமைப்பை நிறுவினேன். சில மென்பொருள்களில் மட்டும் ஜப்பானியம் வரவில்லை. தமிழ்99-உம் கூடவே வேண்டும். (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் உள்ளீட்டு அமைப்பைப் பிளாஸ்மாவே தொடங்கிவைக்க வேண்டும். அமைப்புகளில் விசைப்பலகை, அதற்குள் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் ஃபிசிடிக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்து, மீண்டும் உள்நுழையுங்கள். தமிழ்99-ஐ ஃபிசிடிக்ஸ் பட்டியலில் மோஸ்க்கோடு சேர்க்கலாம். அங்கே காணாவிட்டால், பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் பொதியை நிறுவுங்கள். ஆங்கிலம் பட்டியலில் முதலாவதாக இருக்கட்டும். கன்ட்ரோலும் இடைவெளியும் முதலாவதற்கும் கடைசியாகப் பயன்படுத்தியதற்கும் இடையில்தான் தாவும் என்பதால், மூன்றையும் சுற்றிவரத் தனிக் குறுக்குவிசை ஒன்றை ஃபிசிடிக்ஸின் அமைப்புகளில் வைத்துக்கொள்ளுங்கள்.