பிக்கப் தொட்டியில் ஏற்றும் கேம்பர்: எந்த ட்ரக் வாங்கலாம், என்னென்ன மாட்ட வேண்டும்?

'முக்கால் டன் டீசல் ட்ரக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதற்கு எந்த ஸ்லைடு-இன் கேம்பர் பொருந்தும், என்னென்ன மாட்ட வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை ட்ரக்கின் வகைப்பெயர்கள்தான், அது சுமக்கும் எடை அல்ல.) நான்கு வருடங்களுக்கு முன் நானும் இதே வரிசையில்தான் யோசித்தேன். அந்த வரிசையே தப்பு. முதலில் கேம்பரை, அதாவது தொட்டியில் ஏற்றும் அந்தச் சின்ன வீட்டை, முடிவு செய்யுங்கள், அதன் எடை தெரியட்டும், அப்புறம் ட்ரக். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

வீட்டில் மூன்று நான்கு பேர் இருப்பீர்கள், வார நாட்களில் அதே ட்ரக்கில் வேலைக்கும் போவீர்கள், அதனால்தான் நான்கு கதவும் பின்னால் சின்னச் சரக்குத் தொட்டியும் உள்ளதைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் வாங்கினேன். டீசல், ஃபோர் வீல் டிரைவ், ஆறே முக்கால் அடித் தொட்டி. பதினைந்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்று டீலர் சொன்னார். இவ்வளவு இழுக்கிற வண்டிக்கு ஒரு கேம்பரைச் சுமப்பது பெரிய விஷயமா என்று நம்பிவிட்டேன்.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரை இழுக்கும்போது அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் ட்ரக்கின் மேல் இறங்கும், மிச்சத்தை டிரெய்லரின் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். கேம்பர் அப்படி இல்லை. முழு எடையும் உங்கள் கமான் பட்டை மேலும் பின் டயர் மேலும்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுக்கும் எண். நமக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது: பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. என் ட்ரக்கில் அது 2,130.

கேம்பரின் விவரத்தாளில் 2,480 பவுண்டு என்று போட்டிருந்தது. அதுவே ஸ்டிக்கரைத் தாண்டுகிறதே என்று கேட்டேன். "எல்லாரும் இந்த ட்ரக்கில்தான் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். ஏர் பேக்கையும், அதாவது பின் கமான் பட்டைக்கு முட்டுக் கொடுக்கும் காற்றுப் பையையும், அவரே மாட்டிக் கொடுத்தார், அதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு.

அந்த 2,480 எதுவும் சேர்க்காத காலிக் கேம்பரின் எடை. ஏசி, வெயில் மறைப்பு, பேட்டரி, தூக்கி நிறுத்தும் ஜாக்குகள் எல்லாம் சேர்ந்து இன்னும் 270. தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு, முப்பது கேலன் தொட்டி நிறைந்தால் 250. இரண்டு கேஸ் சிலிண்டர் 75. மெத்தை, பாத்திரம், சாப்பாடு, நாற்காலி, உடை என்று 400. நாங்கள் மூன்று பேர் 430. பிணைக்கும் சாமான்கள் 85. கூட்டினால் 3,990. இந்தக் கணக்கை ஒரு மாலை உட்கார்ந்து போட்டிருந்தால் போதும். நான் போட்டது பயணம் போய் வந்த பிறகு.

முதல் நீண்ட பயணம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் வழியாக. லாரமியிலிருந்து ராலின்ஸ் வரை ஐ-80 சாலை போகிறது, நடுவில் எல்க் மவுண்டன் பக்கம் பலத்த பக்கக்காற்று அடிக்கும். காற்று அதிகமானால் உயரமான, எடை குறைந்த வண்டிகளை அந்தச் சாலையில் விடவே மாட்டார்கள். அன்று சாலை திறந்திருந்தது. எல்க் மவுண்டன் தாண்டியதும் பின்பக்கம் ஒரு முறை சாய்ந்து திரும்பியது, அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த காற்று. அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஸ்டீயரிங்தான். கையில் எடையே தெரியவில்லை, முன்சக்கரம் சாலையைத் தொடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தாள். பின்னால் மகள் மட்டும் "அப்பா, மெதுவாப் போப்பா" என்றாள். நாற்பத்தைந்து மைல் வேகத்தில் ராலின்ஸ் போய்ச் சேர்ந்து, லாரிகள் நிற்கும் இடத்தில் எடை மேடையில் ஏற்றினேன்.

முன் ஆக்ஸில் 4,740. பின் ஆக்ஸில் 7,120. மொத்தம் 11,860. ட்ரக்கின் மொத்த எடை வரம்பு, ஜிவிடபிள்யூஆர் என்பார்களே, அது 10,000. பின் டயர் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 3,415 பவுண்டு தாங்கும், இரண்டும் சேர்ந்து 6,830. ஆக நான் தாண்டியது ஒரு காகித வரம்பை மட்டும் அல்ல, டயரின் வரம்பையும். வீட்டுக்கு வந்து கேம்பரை இறக்கிவிட்டு, நான் மட்டும் உட்கார்ந்து மறுபடி எடை போட்டேன். முன் ஆக்ஸில் 4,800. மூன்று பேரும் முழு கேம்பரும் ஏறியபோது முன்பக்கம் அறுபது பவுண்டு குறைந்திருக்கிறது. கேம்பரின் எடை மையம் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுந்து, முன்பக்கத்தைத் தூக்கியிருக்கிறது. ஸ்டீயரிங் லேசானதன் காரணம் அதுதான்.

இதனால்தான் தொட்டியின் நீளத்தைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன். எட்டடித் தொட்டிக்குச் செய்த கேம்பரைச் சின்னத் தொட்டியில் ஏற்றினால் மையம் பின்னால் போய்விடும். கேம்பரின் பக்கவாட்டில் எடை மையம் எங்கே என்று குறி இருக்கும், ட்ரக்கோடு வரும் காகிதத்தில் அந்த மையம் எந்த இடத்துக்குள் விழ வேண்டும் என்ற படம் இருக்கும். இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். மையம் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

'நான் பத்து வருடமாக அரை டன் ட்ரக்கிலேயே கேம்பர் ஏற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். கூரை மட்டும் உயர்கிற, துணிச்சுவர் வைத்த லேசான பாப்-அப் கேம்பர் என்றால் அது முடியும், அவர்களை நான் சொல்லவில்லை. கெட்டிச் சுவரும் குளியலறையும் உள்ள கேம்பரைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எடை மேடைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் என் கருத்து எதுவும் இல்லை.

மாட்ட வேண்டியவற்றுக்கு வருகிறேன். ஏர் பேக், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் தடித்த கம்பியான ஸ்வே பார், கமான் பட்டைகளில் கனச் சுமைக்கான மேல் பட்டையை முன்கூட்டியே வேலை செய்ய வைக்கும் ஸ்டேபிள்லோடு போன்றவை எல்லாம் ஆட்டத்தைக் குறைக்கும், பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். அது உண்மை. ஆனால் எதுவுமே கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. ஆக்ஸில் அதே ஆக்ஸில், பிரேக் அதே பிரேக். வரம்புக்குள் இருக்கிற ட்ரக்கை மேலும் நிதானமாக்கத்தான் அவை. முதல் செலவு டயருக்கு. லோடு ரேஞ்ச் இ என்ற கனச் சுமை வகை டயர் வாங்குங்கள், அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையை இரண்டால் பெருக்கி, பின் ஆக்ஸிலுக்கு வரப்போகும் எடையோடு ஒப்பிடுங்கள். அந்த எடையைத் தாங்க அதில் குறித்திருக்கும் காற்றழுத்தம் இருக்க வேண்டும், பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ.

அடுத்தது பிணைப்பு. தொட்டியின் தகட்டில் கொக்கி போடும் முறை மலிவு, ஆனால் தகடு கிழிகிறது. ட்ரக்கின் அடிச்சட்டமான ஃப்ரேமில் போல்ட் போட்டு மாட்டும் டைடவுன் (பிணைப்புக் கை) வாங்குங்கள், டார்க்லிஃப்ட் போன்றவை. அதையும் கேம்பரையும் இணைத்து முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் ஸ்பிரிங் வைத்ததாக இருக்கட்டும். முதல் ஐம்பது மைலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், நான்கு மூலையும் தளர்ந்திருக்கும். தொட்டியில் கெட்டியான ரப்பர் பாய் கட்டாயம், இல்லாவிட்டால் கேம்பர் வழுக்கும். புதிய ட்ரக்குகளில் தொட்டிச் சுவர் உயரம், அதனால் கேம்பரின் அடியில் பலகையோ கெட்டி ஃபோமோ வைத்து உயர்த்த வேண்டி வரலாம். டிரெய்லருக்காக ட்ரக்கில் இருக்கும் ஏழு முள் பிளக்கிலிருந்து மட்டும் கேம்பரின் பேட்டரி ஏறும் என்று நம்பாதீர்கள், அந்த வயர் மெல்லியது. தடித்த வயரும், ட்ரக்கின் மின்சாரத்தால் கேம்பர் பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜரும் போட்ட பிறகுதான் எங்கள் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். கேம்பரை இறக்கி என் சொந்த வாசலில், நான் வரி கட்டும் இடத்தில், ஜாக்கில் நிறுத்தி வைத்திருந்தேன். பதினோராவது நாள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம்: 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாதாம், பார்வைக்கு நன்றாக இல்லையாம். நான்கு வீடு தள்ளி ஒருவருடைய படகு வருடம் முழுவதும் நிற்கிறது, அவர் சங்கக் குழுவில் இருக்கிறார். கூட்டத்தில் எழுந்து கேட்டேன், "அது வேறு" என்றார்கள். என்ன வேறு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இப்போது மாதா மாதம் வாடகை கொடுத்து வேறு இடத்தில் நிறுத்துகிறேன். உங்கள் பகுதியில் சங்கம் இருந்தால் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

சரி, ட்ரக். பழையதை நஷ்டத்துக்கு விற்றேன். இப்போது வைத்திருப்பது ஃபோர்டு எஃப்-350 வகையைச் சேர்ந்த ஒரு டன் ட்ரக், பெட்ரோல் எஞ்சின், எட்டடித் தொட்டி. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடச் சில நூறு பவுண்டு கனம், அதை நம் சுமையிலிருந்துதான் கழிக்க வேண்டும். 10,000 பவுண்டுக்கு மேல் வரம்புள்ள ட்ரக்கில் அந்தச் சுமை ஸ்டிக்கர் கட்டாயம் இல்லை, அதனால் காலி ட்ரக்கை முழு டேங்க்கோடு எடை போட்டு, ஜிவிடபிள்யூஆரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு 4,250 வந்தது, என் 3,990 போகக் கையில் 260 மிச்சம். பக்கவாட்டில் நீளும் அறை உள்ள கேம்பர் என்றால் இதுவும் போதாது, பின்னால் நான்கு டயர் உள்ள டூவலிதான். டூவலி எடுத்தால் கேம்பரின் முன் ஜாக்குகளுக்கு வெளியே விரியும் பிராக்கெட் வாங்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ட்ரக் உள்ளே நுழையாது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ட்ரக்கின் கதவுத்தூணைப் படம் எடுங்கள், கேம்பரின் எடைத்தாளையும் எடுங்கள். எண்களைக் கேள்வியிலேயே சேர்த்தால் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.